கரியில் வந்த கை

நிலாந்தினி பஸ்ஸால் இறங்கி, ஒடுங்கிய ஒழுங்கை வழியே நடந்து வந்து, முன்வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டாள். நல்ல உச்சி வெயில். புங்குடுதீவுக் காற்று பனையோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டிலிருந்துதான் பதில் வந்தது.

"இஞ்சாலை குசினிப் பக்கத்தாலை வாரும். முன்கதவு திறக்கிறேல்லை."

துஷாந்தினி குசினி வாசலில் கரி படிந்த கைகளோடு நின்றாள். வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள். தாய் போன வருஷம் கண்மூடிய பிறகு இந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும்தான். அவளுடைய படங்களை யாழ்ப்பாணத்தில் கண்காட்சிக்கு வைப்பதற்காக நிலாந்தினி வந்திருந்தாள். படங்களைத் தெரிந்தெடுப்பதோடு அவள் வேலை முடியாது. ஒவ்வொன்றுக்கும் வரைந்தவர் வாயாலேயே விளக்கம் சொல்ல வைத்து, அதைப் போனில் பதிய வேண்டும். படம் பேசினால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது வரைந்தவரும் சேர்ந்து பேசினால்தான் சனத்துக்குத் திருப்தி.

"இந்த ஒழுங்கையிலை ஒருதரையும் காணேல்லையே அக்கா?"

"ஆர் இருக்கினம்? எல்லாரும் கனடா, பிரான்ஸ். வீட்டுக்கு வீடு பூட்டுத்தான் தொங்குது."

கூடத்துக் கொடியில் படங்கள் வரிசையாகத் தொங்கின. நிலாந்தினி போனை நீட்டினாள். துஷாந்தினி ஒரு கரித்துண்டை எடுத்துக் காட்டினாள்.

"நான் ஒண்டும் கீறுறேல்லை. மெல்லிய தாளைப் பொருளுக்கு மேலை இறுக்கி ஒட்டுவன். இது பூவரசந் தடியைத் தகரத்துக்குள்ளை போட்டுச் சுட்ட கரி. படுக்கப் பிடிச்சுத் தேய்ச்சா, கீழை இருக்கிற மேடும் பள்ளமும் தானா வரும். கண்ணுக்குத் தெரியாததும் வரும்."

முதல் படம் அம்மிக்கல். நடுவில் வெள்ளையாகத் தெரிந்த குழி, தாயின் கை தேய்த்த தேய்வு. அடுத்தது கிணற்றுக்கட்டு. "கயிறு அறுத்த தடங்கள் இது. எங்களை விட்டுப் போன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடெண்டு நினைச்சுக்கொள்ளும்." அதுவரை விளக்கம் சரளமாகவே வந்தது.

கதவுப் படங்களைத் துஷாந்தினி தாண்டிப் போகப் பார்த்தாள்.

மூன்று தாள்கள். மூன்றும் அந்த முன்கதவுதான். வேப்பம் பலகையின் நரம்புகள் அச்சொட்டாக வந்திருந்தன. அவற்றின் நடுவே, விரல்கள் விரித்தபடி, மனிதக் கை.

"இது மட்டும் நீங்கள் கீறினதோ?"

"ஓம்," என்றாள். பச்சைப் பொய்.

"என்ன கருத்திலை?"

"காத்திருக்கிறது." வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

நிலாந்தினி தாள்களை நெருங்கிப் பார்த்தாள். "முதலாவதிலை தட்டுது. மற்றதிலை ரெண்டு கையாலும் தள்ளுது. கடைசியிலை நகத்தாலை பிறாண்டுது. பொறுமை போயிட்டுது, என்ன? நல்லா யோசிச்சுச் செய்திருக்கிறியள் அக்கா."

துஷாந்தினி எதையும் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கப் பயந்துதான் இத்தனை நாளும் இருந்தாள்.

அவளுடைய அண்ணன் தயாபரன், சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் படகேறியவன். படகு அக்கரை சேர்ந்ததாக ஒரு செய்தியும் இல்லை. ஊரே கிளம்பியபோதும் தாய் கிளம்பவில்லை. "கதவுக்குத் திறாங்கு போடாதை பிள்ளை, சும்மா சாத்திவிடு. கள்ளன் வந்தாலும் வரட்டும். அவன் வந்து வெளியிலை நிக்கக்கூடாது," என்பாள். சாகும்வரை முன்கதவு வெறுமனே சாத்தியே கிடந்தது. படிக்கட்டில், வருகிறவன் கால் கழுவ, வாளியும் செம்பும் எப்போதும் இருந்தன.

தாய் போன பிறகு துஷாந்தினி அந்தக் கதவில் தாள் ஒட்டினாள். தேய்ந்த கீலில் கதவு காற்றுக்கு ஆடி, தாளைக் கிழித்தது. தாழ்ப்பாளைப் போட்டாள். அன்றைக்குத்தான் முதல் கை வந்தது.

திறந்து பார்த்திருக்கலாம். அவள் திறக்கவில்லை. அண்ணன் எங்கோ ஒரு நாட்டில், ஒரு சிறையிலாவது உயிரோடு இருக்கிறான் என்றே அவள் நம்பி வந்தாள். செத்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையை அவனுக்குச் செய்யச் சொன்ன கனடா மாமாவோடு பேச்சையே விட்டவள். அந்தக் கை அவனுடையது என்று கதவைத் திறந்தால், அவன் செத்துப்போனான் என்று அவளே தன் வாயால் சொன்னதாகிவிடும்.

"அக்கா, ஒருக்காத் தேய்ச்சுக் காட்டுங்கோவன். வீடியோ எடுப்பம். அந்தக் கதவிலையே."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. தாளை ஒட்டினாள். கரியை எடுத்தாள்.

சரக், சரக்.

நரம்புகள் வந்தன. ஒரு ஆணித்தலை வந்தது. வெளியே பனையோலைச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது. தீவில் காற்று அப்படி நிற்பதில்லை. கதவின் கீழ் இடைவெளியால் கரையொதுங்கிய சாதாழைக் கடற்பாசியின் அழுகல் மணம் உள்ளே வந்தது.

சரக், சரக்.

ஒரு விரல் நுனி.

பிறகு மூன்று. பிறகு உள்ளங்கை.

நிலாந்தினி போனைத் தாழ்த்தினாள். "அக்கா... நீங்கள் கீறேல்லை."

கடைசியாகச் சுண்டுவிரல் வந்தது. அது வெளிப்புறமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் துஷாந்தினியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விழுந்து, அவளுக்கு ஒரு கீறலும் படாமல் பிடித்துக்கொண்டதில் முறிந்த விரல்.

"விளக்கம் கேட்டனீர்தானே?" துஷாந்தினி தாளிலிருந்து திரும்பினாள். "இது என்ரை அண்ணா. நான்தான் அவனை வெளியிலை விட்டுப் பூட்டினனான்."

தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. எதிர்வீட்டுப் படலையில் பூட்டு. அதற்கு அடுத்த வீட்டிலும் பூட்டு. ஒருவரும் இல்லை.

துஷாந்தினி காய்ந்து கிடந்த வாளியை எடுத்துப்போய், கிணற்றில் நிரப்பி வந்து, படிக்கட்டில் வைத்தாள். செம்பை அதில் மிதக்க விட்டாள்.

"காலைக் கழுவிப்போட்டு உள்ளை வா அண்ணா," என்றாள். சொல்லி முடித்ததும் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்து அழுகை.

அழுது ஓய்ந்ததும் கதவில் புதுத் தாள் ஒட்டித் தேய்த்தாள். நரம்புகள் மட்டுமே வந்தன. கை இல்லை.

"வந்திட்டாரோ?" நிலாந்தினி கிசுகிசுத்தாள்.

அதை அறியத்தான் துஷாந்தினி ஒரு பெரிய தாளைக் கூடத்தில் விரித்து, முழந்தாளிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். மினுக்கிய சீமெந்து நிலம். ஒன்றும் வரக்கூடாத இடம்.

ஒரு பாதம் வந்தது. வாசலிலிருந்து உள்நோக்கி.

"வந்திட்டான்," என்று சிரித்தாள். கண்ணீரோடு இன்னும் தேய்த்தாள்.

அதன் பக்கத்தில் இன்னொரு பாதம். சின்னது. குழந்தையுடையது.

துஷாந்தினியின் கை நின்றது. பிறகு, நிறுத்த ஏலாமல், மறுபடி தேய்த்தது. ஒரு பெண்ணின் பாதம், விரலில் மிஞ்சியின் தடத்தோடு. கிழடுதட்டிய அகன்ற பாதம் ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, தாள் கொள்ளாமல் பாதங்கள்.

எல்லா விரல்களும் அவள் முழந்தாளிட்டிருந்த இடத்தையே நோக்கியிருந்தன.

"அக்கா... அந்தப் படகிலை எத்தினை பேர் போனவை?"

"இந்த ஒழுங்கையிலை வீட்டுக்கு ஒராள், ரெண்டாள்."

"அப்ப அவை தங்கடை வீட்டுக்குப் போகாமல்..."

"எல்லா வீடும் பூட்டு," என்றாள் துஷாந்தினி.

வெளியே காற்று இன்னும் எழும்பவில்லை. அந்த அமைதியில், படிக்கட்டுப் பக்கம், செம்பு வாளியில் முட்டியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சிறிது பொறுத்து மறுபடி செம்பு. மறுபடி தண்ணீர்.

இன்னும் கால் கழுவி முடியவில்லை.