பதினேழாம் மீட்டரில் நின்ற கார்

ஜூலை மாதத்து மழை விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்குக் கோட்டைப் பகுதியில் தான் வேலை பார்க்கும் தெருவுக்குள் நெல்லையப்பன் நுழைந்தபோது, இரண்டு பக்கமும் பழைய கல் கட்டடங்கள் நனைந்து கறுத்து நின்றன. துறைமுகத்திலிருந்து மீன் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வந்தன. நடைபாதை ஓரமாக இருபது பார்க்கிங் மீட்டர்கள், மார்பளவு உயரத்தில், வரிசையாக.

காரை நிறுத்துகிறவர்கள் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருக வேண்டும். கண்ணாடிக்குள் முள் ஒரு மணி நேரம் ஓடும். நேரம் முடிந்ததும் சிவப்புத் தகடு மேலே எழும்பும். எழும்பினால் நெல்லையப்பன் காரின் எண்ணைக் குறித்து, அபராதச் சீட்டைக் கிழித்து, வைப்பருக்கு அடியில் செருகுவான். ஆறு மாதமாக இதுதான் வேலை. இந்த வேலையை நம்பித்தான் தாராவியில் ஓர் அறை பிடித்து, முருகம்மாளை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தான். அவளுக்கு இப்போது எட்டாம் மாதம்.

சேர்ந்த அன்றே மேஸ்திரி இனாயத்துல்லா சொல்லிவிட்டார்.

"ஏல, காரு நம்பரப் பாரு. உள்ள இருக்கவன் மூஞ்சியப் பாக்காத. மூஞ்சியப் பாத்தா பேச்சு வரும். பேச்சு வந்தா சீட்டு கிழியாது, நம்ம சட்டதான் கிழியும்."

நெல்லையப்பன் அதை அப்படியே பின்பற்றினான். சீட்டை வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மீட்டருக்குப் போய்விடுவான்.

பத்து நாளைக்கு முன்னால், இதேபோல் ஒரு மழை நாளில், பதினேழாம் மீட்டரில் கறுப்பு ஃபியட் ஒன்று நின்றது. பதினொன்று பத்துக்கு ஒரு சீட்டு வைத்தான். பன்னிரண்டு பத்துக்கு இன்னொன்று. ஒன்று பத்துக்கு மூன்றாவது. சாயங்காலம் அலுவலகம் விட்டுப் போன யாரோ ஒருவர் காருக்குள் குனிந்து பார்த்துக் கூச்சல் போட்டார். மாட்டுங்காவைச் சேர்ந்த அனந்தநாராயணன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தபடி இறந்திருந்தார். மாரடைப்பு.

போலீஸ்காரர்கள் விசாரித்தபோது, மழையில் உள்ளே எதுவும் தெரியவில்லை என்றான் நெல்லையப்பன். அதை எழுதிக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினேழாம் மீட்டரில் யாரும் காரை நிறுத்தவில்லை. இடம் கிடைக்காமல் தெருவை மூன்று முறை சுற்றுகிறவர்கள்கூட அங்கே வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். ஏற்கெனவே அங்கே ஏதோ நிற்பதுபோல் சலித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இன்று மழை வலுத்தபோதுதான் அவனுக்குக் காரணம் தெரிந்தது.

தெரு முழுவதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழாம் மீட்டருக்கு எதிரே மட்டும் தரை காய்ந்து கிடந்தது.

நீளவாக்கில். ஒரு கார் அளவுக்கு.

மேலே மரம் இல்லை. கூரை இல்லை. இறங்கி வந்த மழை, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே எதன்மீதோ பட்டுத் தெறித்து, இரண்டு பக்கமும் வழிந்தது.

யாரும் காசு போடாத மீட்டருக்குள் முள் ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக்.

"ஏம்ப்பா, நீ தமிழா?"

நெல்லையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடை பிடித்தபடி ஓர் அம்மாள் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நான் விசாலம். அனந்தநாராயணன் ஆத்துக்காரி," என்றாள். கைப்பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்தாள். மூன்றிலும் அவனுடைய கையெழுத்து. "கோர்ட்டுலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. அவரே நேர்ல வந்து அபராதம் கட்டணுமாம். எப்படி வருவார், சொல்லு?"

"ஆபீசுல சொல்லி ரத்து பண்ணச் சொல்லுதேம்மா."

"அது கிடக்கட்டும். அதுக்காக நான் வரலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நிமிஷத்துல போயிருப்பார், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொல்றார். எனக்கு நம்பிக்கை வரலை. படுத்தாத் தூக்கமில்லை. நீதானே பக்கத்துல நின்னே? முதல் சீட்டு வைக்கறச்சே அவருக்கு உசிர் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு."

உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் நேரே கோர்ட்டுக்குப் போகலாம். வேலை போகும். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் அடுப்பு எரியாது.

"இல்லம்மா," என்றான். "அப்பவே போயிருந்தாக. ஒரு அசைவும் இல்ல."

டிக் டிக் சத்தம் நின்றது.

சிவப்புத் தகடு படாரென்று எழும்பியது.

மழை வாடையைக் கிழித்துக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. காரமான மூக்குப்பொடி வாசனை. விசாலம் அதை முகர்ந்தாள்.

"இது அவர் போட்டுக்கற பொடி," என்று கிசுகிசுத்தாள்.

காய்ந்த தரைக்கு மேலே, வெறும் காற்றில், வெள்ளையாக ஏதோ படர்ந்தது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு படிவதுபோல. படர்ந்தது, சுருங்கியது. மறுபடியும் படர்ந்தது.

யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மிகவும் சிரமப்பட்டு.

அந்த வெண்மையின் நடுவே நான்கு கோடுகள் மெல்லக் கீழே இறங்கின.

விரல்கள்.

நெல்லையப்பன் தண்ணீரிலேயே மண்டி போட்டுவிட்டான்.

"கையக் கண்டேம்மா," என்று அலறினான். "மொத சீட்டு வைக்கும்போது கண்ணாடி உள்பக்கமா வேர்த்திருந்துச்சு. ரெண்டாவது வாட்டி, உள்ள இருந்து அதத் தொடச்சுட்டு ஒரு கை ஆடுச்சு. இப்படி... இப்படி. என்னப் போன்னு வெரட்டுதாகன்னு நெனச்சேன். காருல வார பெரிய மனுசமாரு எல்லாரும் என்ன அப்படித்தாம்மா வெரட்டுவாக. நானும் சீட்ட வச்சுட்டுத் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டேன். மூணாவது வாட்டி வரும்போது கண்ணாடி தெளிவா இருந்துச்சு. அப்பவும் நான் உள்ள பாக்கல."

விசாலம் அழவில்லை. ஒரு லாரி சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவள் அசையவில்லை.

"ரெண்டு மணி நேரம்," என்றாள் கடைசியில். "தன்னந்தனியா."

அவள் குடையை மடக்கினாள். கைப்பையில் துழாவி ஒரு காசை எடுத்துப் பதினேழாம் மீட்டரில் போட்டுக் கைப்பிடியைத் திருகினாள். சிவப்புத் தகடு இறங்கியது. பிறகு, காருக்குள் ஏறுகிறவள்போலத் தலையைக் குனிந்து, புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, அந்தக் காய்ந்த தரைக்குள் இடது பக்கமாக நுழைந்தாள்.

அவள்மேல் ஒரு துளிகூட விழவில்லை.

"ஒரு மணி நேரம் இருக்கோல்லியோ?"

"இருக்கும்மா."

"அப்போ நீ போ. உன் வேலையைப் பாரு."

நெல்லையப்பன் மற்ற மீட்டர்களைச் சுற்றி வந்தான். ஒரு சீட்டுகூட ஒழுங்காக எழுத வரவில்லை. பதினேழைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய குரல் கேட்டது. பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையசைத்தாள். ஒருமுறை சிரித்தாள்.

முள் பூஜ்யத்தைத் தொட்டதும் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் காய்ந்த தரையின்மேல் மழை சடசடவென்று கொட்டி, ஒரு நொடியில் எல்லாம் நனைந்து தெருவோடு தெருவாகிவிட்டது. நெல்லையப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கோர்ட்டுல நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை," என்றாள் விசாலம். "நீ பிள்ளை குட்டிக்காரனா இருப்பே."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் குடையை விரித்து இரண்டடி நடந்தாள். திரும்பினாள்.

"உன் பேர் என்னன்னு கேட்டார். எனக்குத் தெரியாதுன்னேன்."

நெல்லையப்பன் ஓர் அடி பின்வாங்கினான்.

"பரவாயில்லை, நானே கேட்டுக்கறேன்னுட்டார்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று வேலை முடியும்வரை பதினேழாம் மீட்டர் பக்கம் அவன் போகவில்லை. பிறகு யாரோ ஒருவர் அங்கே காரை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக இறங்கிப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்கு நடந்தபோது மழை இன்னும் விடவில்லை. தெப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தான்.

"என்ன இப்படி நனஞ்சுட்டு வாறீய? ஒரு கடையில ஒதுங்கி நிக்கப்படாதா?" முருகம்மாள் கதவைச் சாத்திவிட்டுத் துண்டோடு வந்தாள். "திரும்புங்க, தல தொவட்டி விடுதேன்."

அவன் திரும்பினான். துண்டு தலையில் படவில்லை.

"ஏங்க..." அவள் குரல் மாறியிருந்தது. "சட்ட பூரா நனஞ்சிருக்கு. தோளுல மட்டும் காஞ்சு கெடக்கு."

"எங்க?"

"இங்க. அஞ்சு வெரலு. யாரோ தோளப் பிடிச்சுக்கிட்டே கூட வந்த மாதிரி."

அவள் அந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவளுடைய கையைவிடப் பெரிய கை.

அறைக்குள் மூக்குப்பொடி வாசனை வந்தது.

சாத்திய கதவுக்கு வெளியே, மழைச் சத்தத்துக்கு நடுவே, விசாலம் பேசியது போன்ற பேச்சில், மரியாதையான ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஏம்மா, உன் ஆத்துக்காரர் பேரென்ன?"

நெல்லையப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தப் போனான். வந்தவர் யாரோ தெரிந்தவர் என்று நினைத்து, அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நெல்லையப்பன்."

தோளின்மேல் ஐந்து விரல்களும் இறுகின.