பொன் விளிம்புக் கோப்பை

வட்டகொடை ரயில் ஸ்டேஷனில் போட்டர் வேலை பார்த்த இராயப்பனுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன.

ஒன்று, குரல். ரயில் வந்து நின்றதும், "கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா!" என்று அவர் கூவினால், எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்கள்கூட ஒரு நிமிடம் தங்கள் மூட்டையைத் தேடுவார்கள்.

மற்றது, ஞாபகம். தோட்டத்துக் கோயிலுக்குப் பாதர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் இராயப்பன்தான் செபம் சொல்வார். மன்றாட்டுமாலையில் வரும் புனிதர்களின் பெயர்களையெல்லாம் புத்தகம் பார்க்காமல் வரிசையாகச் சொல்லுவார். ஒவ்வொரு பெயருக்கும் சனங்கள், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள்.

மூன்றாவதாக ஒரு விஷயமும் இருந்தது. வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர அது யாருக்கும் தெரியாது. அவருக்குச் சீனி வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தருவது மகள் பவுலினின் வேலை. அவளுக்குப் பத்து வயது.

"இத யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள. மூட்டை தூக்குறவன் நோயாளின்னு தெரிஞ்சா சிரிப்பாங்க" என்பார் அப்பா.

"தினம் தினம் ஊசி குத்திக்கிறவங்களப் பார்த்து யாருப்பா சிரிப்பாங்க?"

"ஒனக்கு ஊர் தெரியாது."

ஒருநாள் காலை ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் அவர் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டார். அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது.

ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் போக வேண்டுமானால் டிரைவர் கையில் டப்லட் இருக்க வேண்டும். டப்லட் என்பது ஒரு வட்டத் தகடு. பெரிய வளையத்தில் தொங்கும் தோல் பையில் அதைப் போட்டு, போட்டர் உயர்த்திப் பிடிப்பார். டிரைவர் எட்டி வாங்கிக்கொள்வார். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை உனக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்கு இராயப்பன் அந்த வளையத்தை, ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோட்டுப் போட்ட பயணியிடம் நீட்டிவிட்டார். அந்த மனிதரும் மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகராமல் நின்றது. சாப்பாடு கொண்டு வந்த பவுலினைப் பார்த்து, "வாங்க சேர், எந்த ஊருக்கு?" என்று அப்பா கேட்டார். குளிரிலும் அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. அவள் கொண்டு வந்ததைச் சாப்பிட்ட பிறகுதான் தெளிந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பவுலின் நர்சம்மா தெரேசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பாவுக்கு என்னயவே அடையாளம் தெரியல. ஊசி மருந்து ஞாபகத்தத் தின்னுருமா மிஸ்?"

"தின்னாது. ஒங்கப்பாவுக்கு ரயில்தானே தெரியும்? ரயிலாவே சொல்றேன்" என்றார் தெரேசா. "நம்ம மூளைக்குள்ள கோடிக்கணக்கா குட்டிக் குட்டி ஸ்டேஷன் இருக்கு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. சேதி அந்த இடைவெளியத் தாண்டி, டப்லட் மாதிரி கை மாறணும். ஒரே சேதி திரும்பத் திரும்பக் கை மாறினா அந்தப் பாதை பலமாயிரும். அதுதான் ஞாபகம்."

"அப்ப இன்சுலின்?"

"அது பச்சைக் கொடி. ரத்தத்துல ஓடுற சீனிய உள்ள எடுத்துக்கன்னு உடம்புக்குக் காட்டுற கொடி. கொடியக் காட்டிட்டு, ஒங்கப்பா சாப்பிடாம ஓடிட்டாரு. இருந்த கொஞ்சச் சீனியும் உடம்புக்குள்ள போயிருச்சு. மூளை ஸ்டேஷன்ல இருக்கிற போட்டருங்க எல்லாம் பட்டினி. பட்டினி கிடக்கிறவன் வளையத்த யாருகிட்ட நீட்டுவான்?"

"யாருகிட்ட வேணும்னாலும் நீட்டுவான்" என்றாள் பவுலின்.

"கெட்டிக்காரி! அப்பா வேர்த்து, நடுங்கி, உளற ஆரம்பிச்சா நல்லா சீனி போட்ட தேத்தண்ணி உடனே குடுக்கணும். அப்புறம் சாப்பாடு. இன்சுலின் மூளைகிட்ட நேராவும் ஏதோ பேசுதுன்னு இப்ப ஆராய்ச்சி நடக்குதாம். என்ன பேசுதுன்னு பெரிய டாக்டருங்களுக்கும் தெரியல. ஆனா தெரியலன்னு அவங்க வாயால சொல்ல மாட்டாங்க."

ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது.

திருநாள் கமிட்டிக்குத் தலைவர், தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கஸ்பர். கமிட்டியில் ஐந்து பேர். கஸ்பர் பேசுவார், மற்ற நால்வரும் தலையாட்டுவார்கள். இராயப்பன் ஒரு பெயரைத் தவறவிட்டாலும் போதும், அடுத்த ஞாயிறிலிருந்து தன் மகனைப் புத்தகத்தோடு நிறுத்திவிடலாம் என்பது கஸ்பரின் பலநாள் ஆசை.

பாதருக்குத் தேநீர் கொடுப்பதற்காகத் துரை பங்களாவிலிருந்து பொன் விளிம்பு வைத்த ஒரு கோப்பையைக் கஸ்பர் இரவல் வாங்கியிருந்தார். வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் அந்த ஒரு கோப்பை. அதை இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். கஸ்பர் முன்னால் நடந்து, "பள்ளம்! மேடு!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று காலை இராயப்பன் ஊசி போட்டுக்கொண்டு ரொட்டியில் கை வைக்கும்போது வாசலில் கஸ்பரின் குரல் கேட்டது.

"இராயப்பன்! பாதர் வந்துட்டாரு. பூசையில நன்மை அப்பம் வாங்கிற வரைக்கும் யாரும் வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. கமிட்டி முடிவு!"

அப்பா எழுந்துவிட்டார். அம்மா மரியநாயகி திருநாள் சமையலுக்கு முன்பே போயிருந்தாள். பவுலின் ரொட்டியையும் சீனியையும் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு பின்னால் ஓடினாள். கோயில் வாசலில் கஸ்பர் அதைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோயிலுக்குள்ள ரொட்டியா? இது என்ன, சாயக்கடையா?"

பிறகு கஸ்பரின் வரவேற்புரை. "சுருக்கமாக இரண்டு வார்த்தை" என்று எட்டு மணிக்கு ஆரம்பித்தார். ஒன்பது மணிக்கும் அந்த இரண்டு வார்த்தை முடியவில்லை. அவர் முடித்ததும், அந்தோனியார் சுரூபம்கூட மூச்சு விட்டது போல இருந்தது. பூசையும் நன்மையும் முடிந்ததும், பாதர் மன்றாட்டுமாலைக்குப் பின் குடிப்பதற்காகப் பொன் விளிம்புக் கோப்பையில் தேநீர் ஊற்றி, கஸ்பரே நான்கு கரண்டி சீனி போட்டு, ஓரத்து மேசையில் மூடி வைத்தார்.

இராயப்பன் முன்னால் வந்து நின்றார்.

"புனித ஸ்தேவானே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித லவுரெஞ்சே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித... புனித..." குரல் தடுமாறியது. அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் சொல்வது போலக் கம்பீரமாகக் கூவினார்: "நாவலப்பிட்டியே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது சபை.

"வட்டவளையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கொட்டகலையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் கஸ்பர். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பாதரைப் பார்த்தபடி அவர் பக்தியில் இருந்தார்.

பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் கஸ்பருக்கு உறைத்தது.

"குடிச்சிருக்கான்! திருநாளன்னைக்கே குடிச்சிருக்கான்!"

பவுலின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வெளியே பனி மூட்டம். அவர் நெற்றியிலோ வேர்வை. கைகள் நடுங்கின. அவருடைய இரகசியத்தைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பா கோபிப்பார். சொல்லாவிட்டால் குடிகாரர் ஆகிவிடுவார். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. சீனி வேண்டும்.

அவள் நேராக மேசைக்குப் போனாள். பொன் விளிம்புக் கோப்பையைத் தூக்கினாள்.

"ஏய்! அது துரை வீட்டுக் கோப்பை! பாதருக்கு வச்சது!" கஸ்பர் அலறினார்.

"குடிங்கப்பா" என்று பவுலின் கோப்பையை அப்பாவின் வாயருகில் பிடித்தாள். "மெதுவா. இன்னும் கொஞ்சம்."

அவர் குழந்தையைப் போலக் குடித்தார். அவள் அவரை வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்.

"எங்கப்பா குடிக்கல. அவருக்குச் சீனி வியாதி. ஊசி போட்டுட்டு ரொட்டி சாப்பிடப் போனாரு. கிளாக்கரையா விடல. நான் கொண்டாந்த ரொட்டி அவரு பையிலதான் இருக்கு."

எல்லோரும் கஸ்பரின் கோட்டுப் பையைப் பார்த்தார்கள். அது உப்பியிருந்தது.

"பாதர், இருபது வருசமா இந்தக் கமிட்டியில நான்..." என்று கஸ்பர் தொடங்கினார். "கொட்டகலைய எல்லாம் புனிதராக்குறத..."

"நீங்களும்தான் கொட்டகலைகிட்ட வேண்டிக்கிட்டீங்க கிளாக்கர்" என்றார் பாதர். "நல்லாவே கேட்டுச்சு. அந்த ரொட்டியக் குடுங்க."

கால் மணி நேரத்தில் இராயப்பனின் வேர்வை அடங்கியது. கண்ணில் தெளிவு வந்தது. ரொட்டியைத் தின்றுகொண்டே சுற்றிலும் பார்த்தார்.

"பவுலின்... எல்லாருகிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்பா."

"யாரும் சிரிச்சாங்களா?"

"கொட்டகலைக்குத்தான் சிரிச்சாங்க. ஊசிக்கு இல்ல."

அவர் அவள் தலையில் கை வைத்து எழுந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "புனித வின்சென்தே!" அதன்பிறகு ஒரு பெயர்கூடத் தவறவில்லை. பாதர் எல்லோரையும் போலத் தகரக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பவுலின் கையை உயர்த்தி நின்றாள். கையில் பழைய வளையல் ஒன்று, அதில் துணிப்பை, பைக்குள் சீனி. இராயப்பன் நடந்த வேகத்திலேயே, ரயில் டிரைவரைப் போல அதை எட்டி வாங்கினார்.

"காலையில சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு ரொட்டி, மேடம்! லைன் கிளியர்!"

மன்றாட்டுமாலை முடிந்தது. புத்தகத்தோடு காத்திருந்த கஸ்பரின் மகன் புத்தகத்தை மூடிக்கொண்டான். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாக, "கொட்டகலையே" என்றார்கள்.

பழக்கதோஷத்தில் கோயில் முழுவதும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது.

முதலில் சிரித்தவர் இராயப்பன்தான். அந்தச் சிரிப்பு எதிர்மலை வரைக்கும் கேட்டது.