கோழிவளம்

மழை விட்ட பிறகும் மண் மணக்கவில்லை. கரமனை ஆற்றோரத் தோட்டத்தில், சாயங்கால வெளிச்சத்தில் வாழைகளுக்கு நடுவே நின்று ஜெயபாய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கோழித் தீவனமும் ஊறிப்போன மாத்திரையும் கலந்தாற்போல ஒரு புளித்த வாடை மட்டும்தான் வந்தது. ஒரு மண்புழுகூட மேலே வரவில்லை. தவளைச் சத்தமும் இல்லை.

வீட்டுக்குள்ளும் அதே வாடைதான். அது கணவன் ஞானசிகாமணியின் காலிலிருந்து வந்தது.

மண்வெட்டி பட்டுச் சின்னதாகக் கிழிந்த கால். எல்லாரும் செய்கிற மாதிரி, ரத்தம் நிற்க ஒரு பிடி மண்ணை அப்பிக்கொண்டு மனுஷன் வேலையைப் பார்த்தார். இப்போது புண் முழங்காலை நோக்கி ஏறுகிறது. ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். நாளைக்குத் திரும்பக் கொண்டுபோய் அந்தக் காலை வெட்டி எடுக்க வேண்டுமாம்.

"மண்ணுல என்ன போட்டிய?" என்று டாக்டர் கேட்டார்.

"பண்ணையிலேர்ந்து கோழிவளம்."

"கோழிக்குச் சீக்கு வராம இருக்க தீவனத்துல தினமும் மருந்து குடுக்காங்க. அந்த மருந்துல வளந்து பழகின கிருமியாக்கும் இது. நாங்க குடுத்த ஒண்ணுக்கும் சாகல்ல."

வளம் என்று சொல்லித்தான் பண்ணைக்காரன் தங்கப்பன் கொண்டுவந்து கொட்டினான். மலையாளத்தில் எருவுக்கு அதுதான் பெயர். தெரிந்த சொல்தான், ஆனாலும் அவள் தமிழ்க் காதில் அது செழிப்பு என்றே விழுந்து தொலைத்தது.

வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு ஓடி வழியை மறித்தாள்.

"நல்ல வளமாக்கும் சேச்சி. இந்த லோடு சும்மாதான்," என்றான் தங்கப்பன்.

"உம்ம வளம் பட்டுதான் எங்க வீட்டாளு கால் அழுகிக் கெடக்காரு. இனி ஒரு கூடை எம் மண்ணுல விழாது. வேணும்னா எம்மேல ஏத்திட்டுப் போவும்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் நகரவில்லை. சக்கரம் முழங்கால்வரை வந்து நின்றது. தங்கப்பன் ஏதோ முணுமுணுத்தான். லாரி பின்னால் போனது.

ஜெயித்தாயிற்று. கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினாள். குதிகால் வெடிப்புகளில் கறுப்பாகச் சேறு.

தேய்த்தாள். போகவில்லை.

தேங்காய் நாரால் தேய்த்தாள். அழுத்தி. இன்னும் அழுத்தி.

சேறு இல்லை. சதை.

வலிக்கவே இல்லை.

தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம். இந்தத் தடவை லாரியில் ஆட்களும் இருந்தார்கள். வரட்டும். ஜெயபாய் போய் வழியின் நடுவே கால்களை ஊன்றி நின்றாள். குதிகாலிலிருந்து மஞ்சளாகக் கசிந்தது, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.