அச்சுக்குள் இன்னொரு வாய்

பழைய பல் கிளினிக் ஒன்று நாற்காலியோடு வாடகைக்குக் கிடைக்கிறது என்றதும் நான் யோசிக்காமல் பிடித்துக்கொண்டேன். கீழே கடிகாரக் கடை, மேலே கிளினிக். குறுகலான படி ஏறினால் காத்திருக்கும் அறை, அதைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத இன்னொரு அறை. அங்கேதான் அந்தப் பச்சை ரெக்சின் நாற்காலி. பயந்தவர்கள் பிடித்துப் பிடித்து அதன் கைப்பிடி இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. முன்பு இருந்த டாக்டர் இறந்த பிறகு வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்ததாம். அவர் பல்லுக்கு அச்செடுத்த ஸ்டீல் தட்டுகள்கூட அலமாரியில் அப்படியே இருந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். அந்த மனிதர் வேறு எதிலும் தாராளமாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உதவிக்கு வந்த பெண் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டாள். காரணம் கேட்டேன். காலையில் கதவைத் திறக்கும்போதே நாற்காலி சூடாக இருக்கிறது என்றாள். வேலை செய்ய உடம்பு வணங்காதவர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அக்கா விழுந்தாள்.

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் குரல்தான். நிலையத்துப் படியில் சறுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. வாயைத் திறந்தால் பாதி வார்த்தை விசிலாக வந்தது. அதிகாரி லீவு கொடுத்தார். கூடவே, பதிவு செய்த குரலில் பேசும் மெஷின் ஒன்று வந்து இறங்கியிருப்பதையும் சொன்னார். குறிப்பிட்ட திங்கட்கிழமை அவள் மைக் முன்னால் வந்து உட்காராவிட்டால் மெஷின் உட்காரும். ஒருமுறை அது உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது என்பது அக்காவுக்குத் தெரியும்.

“நீ இருக்கும்போது நான் ஏண்டி வேற டாக்டர்கிட்ட போகணும்?” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிரிட்ஜ் என்பது இதுதான்: போன பல்லுக்கு இரு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் சுற்றிலும் சீவிச் சின்ன முளைகளாக்கி, அவற்றின் மேல் மூன்று பற்கள் சேர்ந்த ஒரே துண்டை மாட்டுவது. சீவிய பல் திரும்ப வளராது. அதனால் சீவியாகிவிட்டால் முடித்தே ஆக வேண்டும். முடிப்பதில் பாதி வேலை அச்செடுப்பது. ஈறு ஓரத்தில் மெல்லிய நூலைத் திணித்து ஈறை ஒதுக்க வேண்டும். நூலை உருவியதும் தண்ணீர் பட்ட தடம் இல்லாமல் உலர்த்தி, இளகிய சிலிகானை முளைகளைச் சுற்றிப் பீய்ச்ச வேண்டும். அதன் மேல் கெட்டியான சிலிகான் மாவு வைத்த தட்டை அழுத்தி, இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். தட்டு வாயில் இருக்கும்போது பேச முடியாது என்பதால் எல்லா நோயாளிகளிடமும் சொல்வதை அக்காவிடமும் சொன்னேன்: “வலிச்சா இடது கையைத் தூக்கு.”

அவள் தூக்கவில்லை. அச்சு அழகாக வந்தது. சீவிய பல்லின் ஓரக்கோடு எங்கேயும் அறுபடவில்லை. அறையில் மட்டும் கிராம்புத் தைல வாசனை அடித்தது. அந்தக் காலத்து டாக்டர்கள் கிராம்புத் தைலம் கலந்த பசையில்தான் அச்செடுப்பார்கள். என் கிளினிக்கில் அது ஒரு சொட்டுகூடக் கிடையாது.

இரண்டாம் நாள் லேப்காரர் போன் செய்தார். நாங்கள் அனுப்பும் அச்சில், கல்லாக இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றி, பல்வரிசையின் மாதிரி எடுத்து, அதன் மேல் பிரிட்ஜ் செய்பவர் அவர். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

“டாக்டர், மூணு பல் பிரிட்ஜ்னு எழுதியிருக்கீங்க. இங்க சீவினதே நாலு பல்லு. பல் இல்லாத ஓட்டை ரெண்டு. எதைச் செய்ய?”

வேறு யாருடைய அச்சையோ பார்க்கிறீர்கள் என்று கத்தினேன். உங்கள் பெட்டியில் வந்தது இது ஒன்றுதான் என்றார். போகிற போக்கில், சீவியிருக்கும் கை ரொம்ப நன்றாக இருக்கிறது, பழைய காலத்துக் கை, உங்களுடையது மாதிரியே இல்லை என்றும் சொன்னார்.

மறுபடி அக்காவை வரவழைத்தேன். முளைகளின் மேல் மாட்டியிருந்த தற்காலிகக் கேப்பை எடுத்து, நூல் திணித்து, மொத்த வேலையும் முதலிலிருந்து. ரப்பர் கையுறையோடு மாவைப் பிசைந்தால் சிலிகான் சரியாக இறுகாது, ஒருவேளை அதுதானோ என்று கையுறையை மாற்றினேன். மாவை மாற்றினேன். பழைய ஸ்டீல் தட்டை விட்டுப் புது பிளாஸ்டிக் தட்டு எடுத்தேன். அச்சைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

லேப்பில் கல்மாவிலிருந்து எழுந்தது அதே நாலு முளைகள், அதே ரெண்டு ஓட்டைகள்.

என் தோழி ஒருத்தி, மாவும் தட்டும் இல்லாமல் கேமராவாலேயே வாயை அளக்கும் கருவி வைத்திருக்கிறாள். வெட்கத்தை விட்டு அவளிடம் அழைத்துப் போனேன். திரையில் அக்காவின் வாய் சரியாக இருந்தது. அதைப் பார்த்து மெஷின் செய்து கொடுத்த மாதிரியில் மறுபடியும் அதே இன்னொரு வாய். தோழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திரும்பும் வழியெல்லாம் அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். தற்காலிகக் கேப் வழியிலேயே கழன்று விழுந்திருந்தது.

“உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. நல்லா இருந்த ரெண்டு பல்லையும் சீவிட்டு இப்ப முழிக்கிற” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்குத்தான் அழுகை வந்தது. தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம். கற்ற வித்தை கைவிட்டுப் போகும்போது ஆளுக்குத் திமிரும் போய்விடுகிறது, கோபம் மட்டும் மிஞ்சுகிறது.

மூன்றாவது தடவை கல்மாவையும் நானே ஊற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மழை மேகத்தில் சாயங்காலமே இருட்டியிருந்தது. உள்ளறையில் நாற்காலி விளக்கு மட்டும் எரிந்தது. அக்காவின் கழுத்திலிருந்து முழங்கால் வரை நீலத் துணி போர்த்தினேன். அவள் பின்னால் நின்று தட்டை அழுத்திப் பிடித்தேன்.

கீழே கடிகாரக் கடையின் டிக் டிக் கேட்டது. கிராம்பு வாசனை மெல்ல எழுந்தது.

துணிக்குள் இடது பக்கம் அசைந்தது. கை ஒன்று உயர்ந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்கோக்கா. இறுகப் போகுது” என்றேன்.

கை இறங்கவில்லை. துணி இன்னும் மேலே கூம்பியது.

“வலிக்குதா?”

அக்கா இல்லை என்று கண்ணால் சொன்னாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

அக்காவின் கைகள் இரண்டும் துணிக்கு வெளியே இருந்தன. கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தன.

துணிக்குள் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

நான் தட்டை விடவில்லை. விட்டால் அச்சு கெட்டுவிடும். அந்த நேரத்தில் எனக்கு ஓடிய ஒரே நினைப்பு அதுதான் என்றால் யாரும் நம்பப் போவதில்லை. இறுகியதும் தட்டைப் பிடுங்கிய நொடியில் துணி தட்டையாக விழுந்தது. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆட்டோ வைத்து அனுப்பிவிட்டேன்.

அச்சில் கல்மாவு ஊற்றினேன். இறுகும்போது கல்மாவு சூடாகி ஆறும். இது ஆறவே இல்லை. பிரித்து எடுத்தபோது, காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்ட சூடு. நாலு முளைகள், ரெண்டு ஓட்டைகள். கையில் ஏந்திக்கொண்டு நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

மாதிரியைப் பார்த்ததும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பழைய டாக்டர் கடைசியாகப் பார்த்தது ஓர் அம்மாவையாம். பற்களைச் சீவி அச்செடுத்திருக்கிறார். அன்று இரவே டாக்டர் தூக்கத்தில் போய்விட்டார். அந்த அச்சு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

“அந்தம்மா தினமும் வந்து படியில உக்காந்திருக்கும், கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டு. டாக்டர் செத்துட்டாரும்மா, வேற இடம் பாருங்கன்னா, பரவால்ல, என் முறை வர்ற வரைக்கும் இருக்கேன்னு சொல்லும். அப்புறம் ஒருநாள் வரல. விசாரிச்சா, அதுவும் போயிடுச்சாம்.”

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் வாடகைக்கு வந்திருப்பீர்களா என்றார்.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் மீது எனக்கு வந்தது இரக்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். செத்தும் என் உயிரை வாங்குகிறாளே என்றுதான் இருந்தது. ஆனால் முறை என்று பார்த்தால் அக்காவுக்கு முன்னால் நிற்பவள் அவள்தான். அவள் பிரிட்ஜை முடிக்காமல் இவளுக்கு வழிவிட மாட்டாள். சரி, முடித்துத் தொலைக்கலாம். மாதிரியை லேப்புக்கு நானே எடுத்துப் போய், இந்த வாய்க்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து கொடுங்கள் என்றேன்.

லேப்காரர் கையை நீட்டினார். “கீழ்வரிசை மாதிரி எங்க? கடி அச்சு எங்க?”

இல்லை என்றேன்.

“ஆளைக் கூப்பிட்டு எடுங்க.”

“கூப்பிட முடியாது.”

“கீழ்ப்பல்லு எங்க வந்து முட்டும்னு தெரியாம உயரத்தை எப்படி வைக்கிறது டாக்டர்? ராத்திரி பகலா நம்ம காதுல விழற புகாரே அதுதானே.”

உண்மைதான். கேப்போ பிரிட்ஜோ மாட்டியதும் எல்லா நோயாளியும் இரண்டு தடவை கடித்துப் பார்த்துவிட்டு அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். ஒரு மயிரிழை உயர்ந்தாலும் வாய் மூடாது, தூக்கம் வராது, நம்மையும் தூங்க விட மாட்டார்கள். நீல மைத்தாளைக் கடிக்க வைத்து, மை பட்ட இடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அதெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு என்று நினைத்தேன்.

“உத்தேசமா வெச்சுக் குடுங்க” என்றேன்.

பல் டாக்டர் சொல்லவே கூடாத வார்த்தை அது. அவர் தோளைக் குலுக்கினார்.

பிரிட்ஜ் வந்த அன்று வேலை முடிந்ததும் அதை மாதிரியோடு நாற்காலியின் தலைப்பக்கம் வைத்தேன். பக்கத்துத் தட்டில் பிரிட்ஜை ஒட்டும் சிமெண்ட் பொடியும் திரவமும், அவற்றைக் கலக்கும் கண்ணாடிப் பலகையும் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். என் கோலத்தை எனக்கே காணச் சகிக்கவில்லை.

காலையில் மாதிரி இருந்தது. பிரிட்ஜ் இல்லை.

கண்ணாடியில் சிமெண்ட் கலந்த தடம் காய்ந்திருந்தது. தரையில் பல் பதிந்த பஞ்சுச் சுருள் ஒன்று கிடந்தது.

நாற்காலி சூடாக இருந்தது.

எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் வந்தது. அன்றே அக்காவை வரவழைத்து அச்செடுத்தேன். கிராம்பு வாசனை இல்லை, துணி அசையவில்லை. லேப்காரர் போன் செய்து, இது பழையபடி உங்கள் கைதான், இரண்டு முளை, ஒரு ஓட்டை என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கிண்டல் இனித்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் மாட்டினேன். மைத்தாளை வைத்து, கடித்துப் பார் என்றேன். டக், டக் என்று அக்கா கடித்தாள். மை எல்லாப் பல்லிலும் ஒரே சீராகப் பட்டிருந்தது. அவள் வாயைத் திறந்த பிறகும் இன்னொரு டக் கேட்டது. கீழே கடிகாரக் கடையில் எதையோ தட்டுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை என்பது அப்போது நினைவில் இல்லை.

அக்கா கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி, “திட்டினதை மனசுல வெச்சுக்காதடி” என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளுக்குச் சொல்லாமல் நிலையத்துக்குப் போய் நடைமேடையில் நின்றேன். ஒலிபெருக்கி கரகரத்தது. அக்காவின் குரல் வந்தது. வண்டியின் பெயர், மேடையின் எண், வரும் நேரம். ஒரு எழுத்தில்கூட விசில் இல்லை. இந்தக் குரலுக்கு எந்த மெஷின் ஈடாகும் என்று எனக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் நின்றவரிடம், பேசுவது என் அக்கா என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அறிவிப்பு முடிந்தது. மைக்கை அணைக்கும் சத்தம் வரவில்லை.

டக்.

டக். டக்.

பல்லில் பல் முட்டும் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மைத்தாளை வைத்ததும் எல்லாரும் கடித்துப் பார்க்கும் சத்தம். நடைமேடையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காற்றில் கிராம்பு வாசனை வந்தது.

பிறகு அதே ஒலிபெருக்கியில், அக்காவின் குரலாக இல்லாத ஒரு குரல், வாயைச் சரியாக மூட முடியாத குரல், ரொம்பப் பொறுமையாகச் சொன்னது:

“கொஞ்சம் உயரமா இருக்கு, டாக்டர்.”