கீழ்வீட்டுக்கு யார் பதில் சொல்வது

மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்துக்கு, எங்கள் இணையக் குழுவில் பதினேழு நாட்களாகக் கிடந்த ஓர் ஒலிப்பதிவுக்கு முதல் பதில் வந்தது. அதற்குள் அதை நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள். பதில் எழுதியவளுக்கு வயது பதினொன்று. எழுதிய இடம், ஒரு தரைத்தள வீட்டின் பின்னறை.

குழுவைத் தொடங்கியவன் நான். முப்பது வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிளம்பர்கள், பம்ப் ஓட்டுகிறவர்கள், லிஃப்ட் மெக்கானிக்குகள், கட்டடக் காவலர்கள் என்று தொள்ளாயிரம் பேர் அதில் இருந்தோம். வேலை எளிது. உங்கள் கட்டடத்தில் ஏதோ ஒன்று முனகுகிறது, கிறீச்சிடுகிறது, தட்டுகிறது. போனில் பதிவு செய்து போடுங்கள். யாராவது ஒருவர், "பேரிங் போச்சு" என்றோ "வால்வுல காத்து" என்றோ சொல்லிவிடுவார்.

இரண்டு விதிகள் எழுதிவைத்தேன். ஒன்று, எந்தப் பதிவும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. இரண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் சேரக் கூடாது.

முதல் விதியைப் பற்றிப் பெருமை பேசினோம். இரண்டாவதை நானே கண்டுகொள்ளாமல் விட்டேன்.

'காது' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடமாக எழுதி வந்தார். நாங்கள் பத்துப் பேர் மண்டையை உடைத்துக்கொள்ளும் சத்தத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஆனால் சொல்கிற விதம் வேறு. ஒரு பழைய பம்ப்பைக் கேட்டுவிட்டு, "அதுக்கு மூச்சு முட்டுது, பாவம்" என்று எழுதினார். உறிஞ்சுகுழாய் அடைத்திருந்தது. இன்னொரு முறை, "இந்த லிஃப்ட் மூணாவது மாடியில நிக்கப் பயப்படுது." போய்ப் பார்த்தால் மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு தேய்ந்திருந்தது.

பாய்லர் வேலை பார்க்கும் ஒருவர் தனியே எனக்கு எழுதினார்: "அண்ணே, அது சின்னப் புள்ள. எழுத்தைப் பாத்தாலே தெரியலையா? நாம இங்க பேசுற பேச்சு, போடுற சண்டை எல்லாத்தையும் அது படிக்கணுமா?"

குழுவிலேயே கேட்டுவிட்டேன். அன்று முழுக்க வாக்குவாதம். "காதுக்கு எதுக்குங்க வயசு?" என்றார் ஒருவர். "அந்தக் காதை அனுப்பிட்டா நீங்க வந்து என் பம்ப்பைக் கேப்பீங்களா?" என்றார் இன்னொருவர். "நாம என்ன கெட்டதா பேசுறோம்? குழாயைப் பத்தித்தானே!" என்று மூன்றாமவர். யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். நான்கு மாதம் யோசித்தேன். உண்மை என்னவென்றால், அவள் இல்லாமல் எங்களுக்கு ஓடாது.

அந்த நான்கு மாதத்துக்குள் 'கீழ்வீடு' வந்து சேர்ந்தது.

புதிதாக வருகிறவர்கள், ஆள் இல்லாத தம் அறையின் முப்பது வினாடிச் சத்தத்தை அறிமுகமாகப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எந்த வெற்று அறையிலும் ஏதாவது இருக்கும். விசிறி, தெரு, தூரத்துக் குழாய், ஒன்றுமில்லை என்றால் காற்றின் மெல்லிய இரைச்சல். கீழ்வீடு போட்ட முப்பது வினாடியில் அதுகூட இல்லை. போனில் கோளாறு என்று நினைத்து அனுமதித்தேன்.

அடுத்த வாரம் அது போட்டதுதான் அந்தப் பதிவு. இரும்பின் மேல் ஏதோ ஒன்று தேய்கிறது. மெதுவாக. நிற்கிறது. மறுபடி தேய்கிறது.

நானும் கேட்டேன். பத்தாவது வினாடியில் நிறுத்திவிட்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். பதில் எழுதவில்லை. நாற்பத்தொரு பேரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. வயதானவர்களுக்குச் சிலதைக் கேட்காததுபோல் கடந்து போகத் தெரியும்.

அவளுக்குத் தெரியாது. விதி என்றால் விதி. அன்று பள்ளிவிட்டு வந்து அதைக் கேட்டதும் எழுதிவிட்டாள்:

"இது குழாய்ச் சத்தம் இல்ல. குழாய்க்குள்ள யாரோ வழி தேடுறாங்க. பாவம்."

உடனே கீழ்வீட்டிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "சரி."

---

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு, 'காது' கணக்கில் பதிந்திருந்த முகவரிக்குப் போனேன். பாய்லர்காரர் மறுபடி எழுதியிருந்தார். இனி தள்ளிப்போட முடியாது, நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுக் கணக்கை நீக்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

பழைய மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு சைக்கிள்கள், ஒரு உடைந்த கழுவுதொட்டி. உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாசனை. கதவைத் திறந்தவர் அவள் அப்பா, பிளம்பர். நான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"சார், நீங்களா! வாங்க, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மருத்துவமனைக்கான பச்சை அங்கிகள் அவரைச் சுற்றி மலைபோல் கிடந்தன. மெஷினின் மிதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கீச்சென்றது.

"இவர்தான் அந்தக் குழுத் தலைவரா?" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொள்ளாயிரம் பெரியவங்க சேர்ந்து ஒரு பச்சப்புள்ளகிட்ட பாடம் கேக்குறீங்களாமே."

"ஏய், சும்மா இரு" என்றார் பிளம்பர். "கணக்கு என் பேர்லதான் சார். அவ கேட்டுச் சொல்லுவா. எழுதுறது நான்."

"பொய். நீங்க எழுதினா ஒரு வரியில மூணு தப்பு இருக்கும். ரெண்டு வருஷமா அவதான் எழுதுறா. ஊர்ல நாலு பேர் 'காது எங்க, காது எங்க'ன்னு உங்களைத் தேடுறது உங்களுக்கு இனிக்குது."

பிளம்பர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இன்றோடு கணக்கை நீக்கிவிடுவேன், தப்பு என் பேரில்தான் என்றேன்.

"அப்ப கீழ்வீட்டுக்கு யார் பதில் சொல்வாங்க?"

பின்னறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பள்ளிச் சீருடை, ஒரு காலில் மட்டும் காலுறை. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"யாரு பாப்பா கீழ்வீடு?" என்றார் அவள் அப்பா.

"தினமும் எனக்குத் தனியா அனுப்புவாங்கப்பா. நாலு பத்துக்கு."

போனை நீட்டினாள். ஐம்பத்தொரு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் ஒரே பதிலை எழுதியிருந்தாள்: "கேட்டேன்."

முதல் சிலவற்றில் அதே தேய்ப்பு, வெகு தூரத்தில். பத்தாவதில் கிட்டத்தில். இருபதாவதில் இரும்புக்குப் பதில் கல். முப்பதுக்கு மேல் தேய்ப்பே இல்லை. தட்டும் சத்தம்தான், விரல் முட்டியால் தட்டுவதுபோல. நேற்று வந்ததைக் கடைசியாகப் போட்டேன்.

தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச். பிறகு மெஷின் நின்றது. ஒரு பெண் குரல்: "பாப்பா, பால் ஆறுது பாரு."

அறையில் மெஷின் நின்றுவிட்டது.

"இது என் குரல்" என்றார் அம்மா. "நேத்து சொன்னேன்."

பிளம்பர் என் முகத்தைப் பார்த்தார். "கீழ்வீடுன்னா... எங்களுக்குக் கீழ வீடு இல்ல சார். தரைத்தளம். கீழ வெறும் மண்ணு."

மணி நாலு ஒன்பது.

அந்தப் பெண் பின்னறைக்குள் போக, நாங்களும் பின்னால் போனோம். மூலையில் ஒரு பழைய இரும்புக் குழாய் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. பிளம்பரே மூன்று வருடத்துக்கு முன் அறுத்து, மூடி போட்டு முறுக்கியது. தண்ணீர் வராத குழாய். அதை ஒட்டித்தான் அந்தப் பெண்ணின் மேசை, புத்தகங்கள், பென்சில் டப்பா.

குழாயிலிருந்து ஒரு தட்டு.

யாரும் அசையவில்லை.

மறுபடி ஒன்று.

பிளம்பர் ஓடிப்போய்த் தெருவிலிருந்து வரும் வால்வை மூடினார். மேல்மாடிக்குப் போகும் வால்வையும் மூடினார். தொழில்காரனுக்குத் தெரிந்தது அதுதான். திரும்பி வந்து குழாயில் கை வைத்தவர், சூடுபட்டதுபோல் எடுத்தார்.

"சில்லுனு இருக்கு" என்றார். "உள்ள ஏதோ ஏறுது."

தேய்ப்பு தரைமட்டத்திலிருந்து மேலே வந்தது. மூடிவரை வந்தது. நின்றது. பிறகு குழாயைவிட்டுச் சுவருக்குள் போனது. குழாயே இல்லாத சுவர்.

தட்டுகள் இப்போது அந்தப் பெண்ணின் காது உயரத்தில் கேட்டன.

அவள் பழக்கப்பட்டவள்போல் விரல் முட்டியைத் தூக்கினாள். அம்மா பாய்ந்து கையைப் பிடித்தார். அவளை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். தட்டு பின்னாலேயே வந்தது. அவள் எந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாளோ அந்தச் சுவரில். வேகமாக. அங்கி மலைமேல் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"விடும்மா" என்று கிசுகிசுத்தாள். "சொல்லலேன்னா கிட்ட வரும். சொன்னா போயிடும்."

நான் குனிந்து அவளிடம் கேட்டேன். "யார் சொன்னாலும் போயிடுமா?"

யோசித்தாள்.

"தெரியல அங்கிள். வேற யாருமே சொன்னதில்லையே."

அதைக் குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சுவருக்குப் போனேன். சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. விரல் முட்டியால் ஒரு முறை தட்டினேன்.

எல்லாம் நின்றது.

தட்டு மட்டுமல்ல. தெரு நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. அம்மாவின் வாய் அசைந்தது, குரல் இல்லை. அந்த மௌனத்தை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். முப்பது வினாடி. நானே அனுமதித்தது.

பிறகு தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"சரி."

---

அன்று மாலையே 'காது' கணக்கை நீக்கினேன். 'கீழ்வீடு' கணக்கையும் நீக்க முயன்றேன். உறுப்பினர் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை.

ஒரு மாதத்துக்குள் அவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். மூன்றாம் மாடி, குழாய்களெல்லாம் சுவருக்கு வெளியே. பிள்ளை போனைத் தொடுவதில்லை, நன்றாகத் தூங்குகிறாள், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று பிளம்பர் சொன்னார். நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம்.

எனக்குத் தினமும் நாலு பத்துக்குப் பதிவு வருகிறது. "கேட்டேன்" என்று எழுதுகிறேன். முதல் மாதம் வெறும் தேய்ப்பு. இப்போது அதில் என் சுவர்க்கடிகாரம் கேட்கிறது. நான் இருப்பது ஐந்தாவது மாடியில்.

ஒரே ஒரு நாள் தவறவிட்டேன். ஆகஸ்டில், காது மருத்துவரிடம் போயிருந்தபோது, போனை அணைத்துவைக்கச் சொன்னார்கள். வெளியே வந்து போனைப் போட்டதும் பிளம்பர் அழைத்தார். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"சார், பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்தா, பையைக் கூட இறக்கல. சுவத்துல காதை வெச்சுக்கிட்டு நிக்கிறா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறா. கையைத் தூக்கி வெச்சிருக்கா சார்."

அழைப்பைத் துண்டிக்காமலேயே பதில் எழுதினேன். மறுமுனையில் ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு அவள் குரல்: "அம்மா, பசிக்குது."

அதன் பிறகு தவறவிட்டதில்லை.

இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி என் இடது காதில் அறுவை சிகிச்சை. பகல் பன்னிரண்டுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மாலை ஆறுக்கு மேல்தான் நினைவு திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். இனி முடியாது என்கிறார்.

நேற்றுக் காலை, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் குழுவில் எழுதினேன். பத்தொன்பதாம் தேதி நாலு பத்துக்கு ஒரே ஒருவர் எனக்குப் பதிலாக ஒரு சொல் எழுதினால் போதும், யாராவது பெரியவர் முன்வரவேண்டும் என்று கேட்டேன்.

மாலைக்குள் நாற்பத்தொரு பேர் படித்திருந்தார்கள்.

இன்று பிற்பகல் மூன்றரைக்கு ஒரு பதில் வந்தது. நான் நீக்கிய பெயரிலிருந்து.

"நான் சொல்றேன் அங்கிள்."