ஷட்டர்: மாற்றமில்லை

1978 நவம்பர், வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.05.

பெருமாட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த கருவித் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் வைத்திருந்த மெஷின் அறைக்கு டீ கொண்டுபோன வாட்ச்மேன் நல்லதம்பி, டம்ளரைக் கீழே போட்டார். எஞ்சினியர் செங்கோட்டையன் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே டேப் அலமாரியின் இரும்புக் கம்பி.

உயிர் இருக்கிறதா என்று தலையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்ததுதான் நல்லதம்பி செய்த தப்பு. சட்டையில் ரத்தத்தோடு வெளியே ஓடிவந்தவரைப் பார்த்து யாரோ, "அவன்தான், புடிங்கடா" என்று கத்தினார்கள். முந்தின நாள் கேட்டில் அவருக்கும் செங்கோட்டையனுக்கும் வாய்ச்சண்டை நடந்தது எல்லோருக்கும் தெரியும். அது போதாதா? படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லாமல் முப்பது பேர் அடித்தார்கள். இடது கை முறிந்தது. மூன்று பற்கள் போயின. பிறகு தென்னையில் கட்டிவைத்தார்கள்.

3.50. இன்ஸ்பெக்டர் சிலுவைராஜ் ஜீப்பில் இருந்து இறங்கினார். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். நல்லதம்பியின் மனைவி காளியாத்தாள் மரத்தை மறைத்து நின்றுகொண்டு கும்பலைத் தடுத்துக்கொண்டிருந்தாள். யார் கையிலோ மண்ணெண்ணெய் டின்கூட இருந்தது.

"கொன்னது இவன்தானுங்க," என்றார் மானேஜர். "ரெண்டு மணியில இருந்து இவன்தான் மெஷின் ரூம் வாசல்ல இருந்தான். வேற யாரும் உள்ள போகலை. செங்கோட்டையன் 2.20க்கு உசுரோட வேலை பண்ணியிருக்காரு. மெஷினே காகிதத்துல அடிச்சுக் குடுத்திருக்குது, பாருங்க."

"ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் இவரு எங்க இருந்தாரு?"

"கேன்டீன்ல. எல்லாரும் பாத்தோம்."

"அப்போ வாசல்ல?"

"யாரும் இல்லீங்க. சாப்பாட்டு நேரம்."

அறை முழுக்க ஏசி. உடம்பை வைத்துச் சரியான நேரம் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மிஞ்சியது அந்தக் காகிதம்தான். சிலுவைராஜ் ஆபரேட்டர் மருதாத்தாளைக் கூப்பிட்டார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா."

"இடுக்கி டேம் ஷட்டரை ஏத்தி எறக்குற புரோகிராமுங்க சார். மீட்டர், ஷட்டர்னு மொத்தம் பதினோரு ஃபைல். எல்லாத்தையும் மெஷினுக்குப் புரியிற மாதிரி ஒண்ணாச் சேத்துக் கட்டி, டேப்புல ஏத்தி, மலைக்கு அனுப்பணும். கட்டறதுக்கு ரெண்டு கருவி இருக்குதுங்க. இன்னொரு எஞ்சினியர் பொங்கியண்ணன் சாரோடது 'வரிசை'. எது மாறுனாலும் மாறாட்டியும் பதினொண்ணையும் மொதல்ல இருந்து கட்டும். செங்கோட்டையன் சாரோடது 'தேதிக்காரன்'. ஃபைலோட தேதி, நேரம் பாத்து, மாறுனதை மட்டும் கட்டும்."

இரண்டுமே பூட்டில்லாமல் ஊர் ஊராகச் சுற்றும் டேப்பில் காசில்லாமல் வந்தவை. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இருவரும் ஆளுக்கொன்றைத் திருத்தி வளர்த்தார்கள். அன்று காலைதான் போட்டி வைத்துப் பார்த்திருந்தார்கள். வரிசைக்கு நாற்பத்திரண்டு நிமிடம், தேதிக்காரனுக்கு நான்கு. தோற்றவருக்கு இனி இங்கே வேலையில்லை என்று மானேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

காகிதத்தில் இருந்தது இது: பிற்பகல் 2.20. மீட்டர்: மாறியது, கட்டப்பட்டது. ஷட்டர்: மாற்றமில்லை. மற்ற ஒன்பதும் மாற்றமில்லை.

"மெஷினுக்கு நேரம் யாரு சொல்லுதாங்க?"

"கரண்டு போய் வந்தாக் கையாலதான் கடிகாரத்தை வைக்கணுமுங்க. பாஸ்வேர்டு ரெண்டு எஞ்சினியருக்கு மட்டுந்தான் தெரியும்."

"சாப்பிட்டு வந்து நீ என்ன செஞ்சே?"

"என் ரூம் டெர்மினல்ல இருந்தே, மெஷின்ல இருக்கற ஷட்டர் ஃபைல்ல ஒரு வரி திருத்துனனுங்க. செங்கோட்டையன் சார் காலையில எழுதிக் குடுத்தது. சுவத்துக் கடிகாரத்துல அப்ப 1.45."

சிலுவைராஜ் அங்கேயே நின்றிருந்த பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். "ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்க இருந்தீக?"

"மானேஜர் ரூம்ல. அவரையே கேளுங்க."

"1.45க்கு மாறின ஃபைலு, 2.20க்கு எப்படி மாற்றமில்லாமப் போச்சு?"

பொங்கியண்ணன் காகிதத்தை வாங்கி, முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். "அது... தேதிக்காரன் பொய் சொல்லுமுங்க. ஆரம்பத்துல இருந்தே நான் சொல்லிட்டிருக்கறேன்."

"சரி, ஓட்டிப் பாத்துருவோம். மருதாத்தா, ஓட்டு."

4.25. பிரின்டர் கடகடவென்று அடித்தது. ஷட்டர்: மாறியது, கட்டப்பட்டது.

"பொய் சொல்லலியே," என்றார் சிலுவைராஜ். "இப்போ கண்டுபிடிச்சது 2.20க்கும் கண்டுபிடிச்சிருக்கும். அப்போ அந்த ஓட்டம் நடந்தது 1.45க்கு முந்தி. சாப்பாட்டு நேரத்துல, வாசல்ல ஆள் இல்லாதப்போ செங்கோட்டையனை அடிச்சுக் கொன்னீக. கடிகாரத்தை 2.20க்கு வச்சு, அவரு கருவியை ஓட்டி, காகிதத்தை எடுத்து வச்சுட்டு, மறுபடி சரியான நேரத்துக்குத் திருப்பிட்டீக. பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொருத்தரு பொணமாக் கிடக்காரு. உங்க 'வரிசை' எல்லாத்தையும் கட்டிரும். அதனால 'மாற்றமில்லை'ங்கிற வரி பின்னால காட்டிக் குடுக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்ல."

பொங்கியண்ணன் பாய்ந்து மருதாத்தாளின் கழுத்தைப் பிடித்தார். கான்ஸ்டபிளின் லத்தி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "ரெண்டு வருசமுங்க," என்று தரையில் கிடந்து அழுதார். "நாலு நிமிசத்துல என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிப்போட்டான்."

வெளியே கட்டை அவிழ்த்து நல்லதம்பியை உட்காரவைத்தார்கள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. மண்ணெண்ணெய் டின் மாயமாகிவிட்டது. ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள். மானேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி யாரையோ விரட்டினார்.

"ஒருத்தரும் போகக் கூடாது," என்றார் சிலுவைராஜ். "இவரை அடிச்சது யாரு யாரு?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். கூட்டமாக அடித்தால் யாரும் அடிக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

காளியாத்தாள் கணவரின் வாயைத் துடைத்துவிட்டாள். "சொல்லுங்க," என்றாள். "பயப்படாமச் சொல்லுங்க."

பதினோரு வருடம் கேட்டில் நின்று தினமும் வணக்கம் சொன்ன மனுஷன். அத்தனை பேருடைய பெயரும் ஊரும் அவருக்குத் தெரியும். பல் போன வாயால், மானேஜரில் ஆரம்பித்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். சிலுவைராஜ் எழுதிக்கொண்டார்.