இரண்டாவது ஊசி

திரையில் இருட்டு...

ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை!

நரம்பு அறுவை நிபுணர் திரையை மறுபடி உற்றுப் பார்த்தார்.

மேஜையில் மயக்கத்தில் கிடந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கன்னத்தில் காற்று பட்டாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் துடிப்பவர். முகத்து நரம்பை ஒரு ரத்தக்குழாய் இடித்துக்கொண்டிருந்தது. நிபுணர் அதை விலக்கி, நடுவே மெத்தென்ற துண்டு ஒன்றை வைத்துவிட்டார்.

சாயத்தை இரண்டு முறை ஏற்றுவது அவர் வழக்கம். விலக்குமுன் ஒன்று, விலக்கியபின் ஒன்று. பச்சைச் சாயம் ரத்தத்தில் கலந்ததும், மைக்ராஸ்கோப்பின் அகச்சிவப்புக் கேமராவில் குழாய்கள் பளீரென்று ஒளிரும். முதல்முறை ஒளிர்ந்தன.

இப்போது...?

"குழாய் அடைச்சிருச்சு மச்சான். துண்டை உருவிடு. இல்லேன்னா பக்கவாதம்தான்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

இருபது வருட நண்பர். அவரை நம்பித்தான் நிபுணர் தன் தங்கையையே கட்டிக்கொடுத்திருந்தார்.

உருவினால் நரம்பு கிழியலாம். ஆசிரியைக்குப் பாதி முகம் மரத்துப்போகும்.

நிபுணரின் கை துண்டுவரை போனது... நின்றது.

அடைத்தது ஒரு குழாய் என்றால் மற்றவையாவது ஒளிர வேண்டாமா? எல்லாமே இருட்டு!

"கோளாறு குழாய்ல இல்ல மாப்ள. சாயத்துல."

மயக்க டாக்டர் சட்டென்று உதவி டாக்டர் பெண்ணைக் கைகாட்டினார். இவள்தான் கலக்கினாள், இவள்தான் ஏற்றினாள், வேலையில் கவனமே கிடையாது என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். முதல் ஊசியும் அதே கலவைதானே என்றாள் அவள், கண் கலங்க.

நிபுணர் மைக்ராஸ்கோப்பை ஓரமாகத் திருப்பினார். ஊசியில் மிச்சமிருப்பதைப் பஞ்சுத்துணியில் விட்டுக் காட்டச் சொன்னார்.

அவள் மாட்டிக்கொள்வாள் என்று மயக்க டாக்டருக்கு ஏக உற்சாகம். தானே ஊசியை எடுத்து, லென்சுக்கு அடியில் பச்சை நீரைச் சொட்டினார்.

துணி இருட்டாகவே இருந்தது. வெறும் சாயத்தண்ணீர்!

ஆனால்...

ஊசியைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் திரையில் தகதகவென்று ஒளிர்ந்தன!

"கழுவிட்டேனே..." வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு.

நிபுணருக்குப் புரிந்துவிட்டது. நிஜச் சாயத்தைக் கொட்டிவிட்டுச் சாயத்தண்ணீரை நிரப்பியவன் இவன்தான். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் புது இயக்குநர் தேர்வு. பட்டியலில் இரண்டே பேர். மச்சானும் மாப்பிள்ளையும். ஒரு நாற்காலிக்காக ஒரு பெண்ணின் முகத்தைப் பணயம் வைத்திருக்கிறான், பாவி!

வேறு மயக்க டாக்டர் ஓடி வந்தார். புதுச் சாயத்தை உதவி டாக்டர் ஏற்றினாள். குழாய்கள் அத்தனையும் ஒளிர்ந்தன.

வாசல்வரை போய்விட்ட மாப்பிள்ளையிடம் நிபுணர் திரும்பாமலே சொன்னார்:

"கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு நினைச்சுட்டே மாப்ள. பரவால்ல... உன் விஷயத்துல இருபது வருஷமா நானும் அப்படித்தான் நினைச்சேன்."